ஷ்வேடகோனில் திசை பார்த்து நடப்பது

வணக்கம் நேயர்களே. யாங்கூன், நம் பாட்டன்மார் சொன்ன ரங்கூன். அங்கே சிங்குத்தரக் குன்றின்மேல் 99 மீட்டர் உயரத்தில் நிற்கிறது ஷ்வேடகோன் தூபி. 1768 நிலநடுக்கத்தில் உச்சி சரிந்தபின், ஷின்பியூஷின் மன்னர் காலத்தில் எழுப்பிய உயரம் இது.

இங்கே திசை தெரியாவிட்டால் பாதிக் கோயிலைத் தவறவிட்டுவிடுவீர்கள். நான்கு பக்கமும் கூரையிட்ட படிக்கட்டுகள். முட்டிவலிக்காரர்கள் தெற்கில் லிஃப்டிலோ மேற்கில் நகரும் படிகளிலோ ஏறலாம். செருப்பை ஒரு வாயிலில் விட்டு வேறு வாயிலில் இறங்கிவிட்டால் வெறுங்காலோடு குன்றைச் சுற்ற வேண்டும்; பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். காலுறைக்கும் அனுமதியில்லை. தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும்.

மேலே தரை பளிங்கு. உச்சிவெயிலில் கால் பொரியும், மழையில் வழுக்கும். விரிப்பு போட்ட பாதையை விட்டு விலகாதீர்கள். அதிகாலையும் மாலையும்தான் சரியான நேரம்.

வலம் நம் கோயில்களைப் போலவே, இடமிருந்து வலமாக. தூபியைச் சுற்றி எட்டுத் திசையிலும் பிறந்த கிழமைக்கான சந்நிதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோள், ஒரு விலங்கு. ஞாயிறு வடகிழக்கு, கருடன். திங்கள் கிழக்கு, புலி. செவ்வாய் தென்கிழக்கு, சிங்கம். சனி தென்மேற்கு, நாகம். வியாழன் மேற்கு, எலி. வெள்ளி வடக்கு, கினிப்பன்றி. கிழமை ஏழு, திசை எட்டு ஆயிற்றே? புதனை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்: முற்பகலில் பிறந்தவருக்குத் தெற்கு, தந்தமுள்ள யானை; பிற்பகலுக்கு வடமேற்கு, தந்தமில்லாத யானை. அந்த மூலைக்கு அதிபதி ராகு! ஆகவே புதன்காரர்கள் பிறந்த நேரத்தையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சந்நிதியில் புத்தர் சிலைக்குச் சிறு கிண்ணத்தால் நீர் வார்க்கலாம். வயதோடு ஒன்று கூட்டி வார்ப்பவர்கள் உண்டு.

வடமேற்கிலேயே சிங்கு மன்னரின் மணியும் இருக்கிறது. 1825-இல் ஆங்கிலேயர் தூக்கிச்செல்ல முயன்று ஆற்றில் மூழ்கவிட்டார்கள், பர்மியர்கள் மீட்டுவந்தார்கள்.

இருட்டியபின் தரையில் குறியிட்ட இடங்களில் நின்று உச்சியைப் பாருங்கள். அங்குள்ள 76 காரட் வைரம் ஓரடி நகர்ந்தாலே நிறம் மாறும். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பொன் பூசுவதற்காக மூங்கில் சாரம் கட்டிப் பாய் போர்த்திவிடுவார்கள். அது எப்போது என்று விசாரித்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள்.