அம்மாவின் காலும் கிணற்று ஃபுட் வால்வும்

வணக்கம். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், மாமாவின் தோட்டத்துக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது கன்னடியன் கால்வாயிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால் தண்ணீரின் சத்தம். ரத்தக் குழாய்களைப் பற்றிப் பேச இந்த இடத்துக்கு ஏன் வந்தேன் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கவில்லை" என்கிறோம். கையில் புடைத்து நிற்பதையும் நரம்பு என்கிறோம். அது சிரை; ரத்தம் ஓடும் குழாய். நரம்பில் ரத்தம் ஓடாது. மூளைக்கும் உடம்புக்கும் இடையே உணர்வும் கட்டளையும் போய்வரும் வழி அது. இந்தக் குழப்பத்தால் எங்கள் அம்மா ஆறு வருடம் தவறான வைத்தியம் பார்த்தார். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக மூன்று விரலை வைத்துப் பாருங்கள். வைத்தியர் நாடி பார்க்கும் இடம். துடிக்கிறது அல்லவா? அது தமனி. இதயம் சுருங்கும்போது உள்ளே அழுத்தம் 120 வரை ஏறுகிறது, தளரும்போது 80க்கு இறங்குகிறது. பிரஷர் பார்த்துச் சொல்கிறார்களே, அந்தக் கணக்குதான். அந்த அடியை ஓயாமல் தாங்க வேண்டியிருப்பதால் தமனியின் சுவர் தடிமனாக, விரிந்து சுருங்குவதாக இருக்கிறது. அறுவடையில் அரிவாள் பட்டுத் தமனி அறுந்தால், பளிச்சென்ற சிவப்பு ரத்தம் துடித்துத் துடித்துப் பீய்ச்சும். சுத்தமான துணியை வைத்து, விடாமல் அழுத்திப் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காப்பித்தூளை அப்பாதீர்கள்.

சிரையில் அந்தத் துடிப்பு இருக்காது. சுவர் மெல்லியது, அழுத்தம் மிகக் குறைவு, ரத்தம் கருஞ்சிவப்பு. வெளியே நீலமாகத் தெரிவது ஒளி தோலுக்குள் போய்த் திரும்பும் விதத்தால்தான். "தமனியில் நல்ல ரத்தம், சிரையில் கெட்ட ரத்தம்" என்று மனப்பாடம் செய்திருப்போம். அதை விட்டுவிடுங்கள். இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் தமனியில் ஆக்சிஜன் குறைந்த ரத்தமும், அங்கிருந்து திரும்பும் சிரையில் ஆக்சிஜன் நிறைந்த ரத்தமும் ஓடுகின்றன. இதயத்தை விட்டுப் புறப்படுவது தமனி, இதயத்துக்குத் திரும்புவது சிரை. திசையைப் பிடித்துக்கொண்டால் குழப்பமே வராது.

இனி என் கையைப் பாருங்கள். கீழே தொங்கவிட்டிருந்ததால் சிரைகள் எழும்பியிருக்கின்றன. விரல்களுக்குப் பக்கமாக ஒரு சிரையை ஒரு விரலால் அழுத்துகிறேன். இன்னொரு விரலால் முழங்கை நோக்கி வழித்துவிட்டு, அந்த விரலை எடுத்துவிடுகிறேன். வழித்த இடம் காலியாகவே இருக்கிறது! மேலே ரத்தம் இருந்தும் கீழே இறங்கவில்லை. அழுத்திய விரலை எடுத்தால், இதோ, கீழிருந்து நிரம்பிவிட்டது. வில்லியம் ஹார்வி 1628-இல் வெளியிட்ட நூலில் இந்தச் சோதனையைப் படம் போட்டே விளக்கியிருக்கிறார். கருவி எதுவும் வேண்டாம், ஒரு கை போதும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

இறங்காமல் தடுத்தது சிரைக்குள் இருக்கும் வால்வு. இந்தக் கிணற்றிலும் அது இருக்கிறது. மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் ஏறிய தண்ணீர் கிணற்றுக்குள் திரும்பிவிடாமல் அடியில் இருக்கும் ஃபுட் வால்வுதான் பிடித்து வைக்கிறது. அதில் ஒரு கல் சிக்கினால் போதும், தண்ணீர் நழுவிவிடும். மறுநாள் குடம் குடமாக ஊற்றிக் குழாயை நிரப்பினால்தான் மோட்டார் இழுக்கும். வாய்க்கால் தண்ணீருக்கு இந்தக் கவலை கிடையாது, பள்ளம் பார்த்து ஓடிவிடும். பாதத்திலிருந்து இதயத்துக்குப் போகும் ரத்தமோ மேலே ஏற வேண்டும். அதற்கு மோட்டார் நம் கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. வழி நெடுக இருக்கும் வால்வுகள் தாங்கிப் பிடிக்கின்றன. அசையாமல் நின்றால்?

அம்மா அப்படித்தான் நின்றார். ஒரு துணிக்கடையில் பதினெட்டு வருடம், நாளுக்குப் பத்து மணி நேரம். கூட்டம் இல்லாத மத்தியானத்திலும் உட்காரக் கூடாது. வால்வுகள் தளர்ந்து, ரத்தம் தேங்கி, கெண்டைக்காலில் சிரைகள் புழுப்போல் சுருண்டன. எல்லோரும் "நரம்புச் சுருட்டல்" என்றார்கள். நரம்புக்கு எண்ணெய், நரம்புக்கு மாத்திரை என்று காலம் போனது. கடைசியில் கணுக்காலின் உள்பக்கம் புண் வந்து, ஆறாமல் போன பிறகுதான் ஒரு மருத்துவர் படம் வரைந்து காட்டினார். "அம்மா, இது நரம்பு இல்லை, வால்வு கெட்ட சிரை." அன்று வீட்டுக்கு வந்து நான் அழுதேன்.

இப்போது காலையில் படுக்கையை விட்டு எழும் முன்பே அழுத்தக் காலுறை போட்டுக்கொள்கிறார். படுக்கும்போது காலுக்கடியில் இரண்டு தலையணை. புண் ஆறிவிட்டது. உங்கள் வீட்டில் யாருக்காவது ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள். உள் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. அம்மா அதற்கு முன்பே வேலையை விட்டிருந்தார். போன வாரம் வண்ணார்பேட்டையில் சேலை எடுக்கப் போனோம். சேலையைப் பிரித்துக் காட்டிய பெண்ணிடம் அம்மா முதலில் கேட்டது, "ஏம்மா, உனக்கு உட்கார ஸ்டூல் போட்டிருக்கிறார்களா?"