காதுக்காக மொழி காத்திருக்க வேண்டாம்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இடப்பக்கம் நிற்பவர் நான் பேசுவதைச் சைகை மொழியில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் வேகமாகப் பேசுகிற ஆள். ஓட ஆரம்பித்தால் சட்டையைப் பிடித்து இழுங்கள் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நடுவில் திடீரென்று நின்றால் சொல்ல வந்ததை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

முன்வரிசையில் கைக்குழந்தையோடு வந்திருப்பவர்களில் சிலருக்கு இந்த மாதம்தான் பிள்ளையின் காதுப் பரிசோதனை முடிவு கைக்கு வந்திருக்கும். எனக்கு அது வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. என் மகளுக்கு அப்போது பதினொரு மாதம். சத்தத்துக்கு மூளையில் அலை எழுகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனைக்காக அவளைத் தூங்கவைத்து, தலையில் மின்முனைகளை ஒட்டி, காதுக்குள் சத்தத்தைக் கூட்டிக் குறைத்து அனுப்பிப் பார்த்தார்கள். அலை எழும்ப வேண்டிய இடத்தில் கோடு தன் பாட்டுக்கு நேராக ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவர் இரண்டு விஷயம் சொன்னார். இரண்டு காதிலும் கடுமையான இழப்பு என்பது ஒன்று. "சைகை காட்டிப் பழக்கிவிடாதீர்கள், அப்புறம் பேச்சே வராது" என்பது இன்னொன்று. முதலாவது சரி. இரண்டாவதை நம்பி ஏழு மாதம் தொலைத்தோம்.

அந்த ஏழு மாதம் நாங்கள் சும்மா இருக்கவில்லை. காது கேட்கும் கருவி மாட்டினோம். வாரம் இருமுறை ஸ்பீச் தெரபி. விடிந்ததிலிருந்து அடைகிற வரை அவள் முகத்துக்கு நேரே பேசினோம். ஆனாலும் ஒன்றரை வயதில் அவளிடம் சொல் என்று ஒன்றுகூட இல்லை. தலையைத் தரையில் முட்டிக்கொள்வாள். அடம் என்றோம், செல்லம் அதிகம் என்றார்கள். வேண்டியதை நோக்கி நம் கையைப் பிடித்து இழுத்துப் போக அவளுக்குத் தெரியும். "இன்னொரு தடவை" என்பதற்கு எதை இழுப்பாள்? "அது வேண்டாம், நேற்று வைத்திருந்தோமே அது" என்பதற்கு? சொல்ல இருக்கிறது, சொல்லும் வழி இல்லை. பெரியவர்களாகிய நமக்கே அப்படி ஒரு நாள் அமைந்தால் சுவரில் முட்டிக்கொள்வோம்.

சைகை பேச்சைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு வயது அதிகம். 1880-ல் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றி ஒரு மாநாடு நடந்தது. பள்ளிகளில் பேச்சே சிறந்தது, சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். வாக்களித்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே காது கேட்பவர்கள்! அதன்பின் பல நாடுகளில் பிள்ளைகளைக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். சைகை காட்டினால் அடி. அந்த மாநாட்டின் வழிவந்த அமைப்பே 2010-ல் வான்கூவரில் கூடி அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தமும் தெரிவித்தது. இடையில் நூற்று முப்பது ஆண்டுகள். என் மருத்துவர் படித்த பாடம் எந்த ஆண்டில் எழுதப்பட்டதோ, அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? 1991-ல் லாரா ஆன் பெட்டிட்டோவும் பாலா மாரன்டெட்டும் காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகளைக் கவனித்தார்கள். மற்றக் குழந்தைகள் "பபப, மமம" என்று உளறும் அதே பருவத்தில் இவர்கள் கையால் உளறினார்கள். பொருளில்லாத கையசைவுகளைத் தாளக்கட்டோடு திரும்பத் திரும்பச் செய்தார்கள். மழலை என்றால் வாயில் பிறப்பது என்று நாம் நினைத்திருக்கிறோம். கண்ணுக்கு மொழி காட்டினால் அது கையிலும் பிறக்கிறது.

எனக்கு உறைத்தது 1998-ல் கிறிஸ்டின் யோஷினாகா-இடானோவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு. கொலராடோவில் நூற்றைம்பது குழந்தைகளை எடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்டு உதவி தொடங்கிய பிள்ளைகளின் மொழி, பிந்திக் கண்டறியப்பட்டவர்களின் மொழியைவிட நன்றாக இருந்தது. வீட்டில் பேச்சு மட்டுமா, சைகையும் சேர்த்தா என்பது அந்த முடிவை மாற்றவில்லை. பிறந்து ஒரு மாதத்துக்குள் முதற்பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்று இன்று சொல்வதற்குப் பின்னால் இருப்பது இதுபோன்ற கணக்குதான். எங்கள் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். (இழுத்துவிட்டார். மெதுவாகவே போகிறேன்.)

பேச்சு வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்போதும் பேச்சுக்காகத்தான் எங்கள் வீட்டில் அதிகம் பாடுபடுகிறோம். அதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரிந்து இறங்குங்கள். குழந்தையின் காது வளர்ந்துகொண்டே இருக்கும். இயர் மோல்டு, அதாவது கருவியைக் காதில் பொருத்தும் அச்சு, சில மாதத்திலேயே தளர்ந்து கருவி விசிலடிக்கும். மறுபடி அளவெடுக்க வேண்டும். கருவியைப் பிடுங்கி எறிவாள்; சட்டையோடு சேர்த்துக் கிளிப் போடுங்கள். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து; பேட்டரி மூடிக்குப் பூட்டு இருக்கிற கருவியாகக் கேட்டு வாங்குங்கள். தினமும் காலையில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைச் சொல்லிப் பாருங்கள். காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுக் கற்பிப்பதில் பேர்பெற்ற டேனியல் லிங் வகுத்த சோதனை இது. தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை பேச்சின் எல்லைகள் அந்த ஆறில் அடங்கிவிடும். நேற்று "ஸ்" என்றதற்குத் திரும்பியவள் இன்று திரும்பவில்லை என்றால் கருவியைப் பாருங்கள், அதில் குறை இல்லை என்றால் சளி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

நம் மொழியிலேயே ஒரு சங்கடம் உண்டு. வந்தான், வந்தாள், வந்தார். ஆணா பெண்ணா, மரியாதையா இல்லையா, எல்லாம் கடைசி ஒற்றில் இருக்கிறது. பேசும்போது அந்த ஒற்றைத்தான் நாம் பாதி முழுங்குகிறோம். சத்தம் குறைந்து முடிகிற அந்த இடம் இவளுக்கு எட்டாது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள் என்பார்கள். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று சத்தம் வராமல் "பாப்பா" என்றும் "மாமா" என்றும் சொல்லிப் பாருங்கள்.

இனி சைகைக்கு வருகிறேன். காது கேளாத பெண்மணி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுத்தார். முதல் நாள் அவர் சைகை எதையும் சொல்லித் தரவில்லை. நான் மகளோடு விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்னாலிருந்து "பந்து, பந்து" என்று சொல்லிக்கொண்டே சுட்டிக்காட்டினேன். அவர் சிரித்துவிட்டு என்னை எழுப்பி அவளுக்கு எதிரே உட்காரவைத்தார். அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான். அது விளங்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

காது கேட்கும் குழந்தை பந்தைப் பார்த்தபடியே "பந்து" என்ற சொல்லைக் கேட்டுக்கொள்ளும். கண்ணுக்கு ஒரு வேலை, காதுக்கு ஒரு வேலை. இவளுக்கு இரண்டும் கண்ணுக்குத்தான். பந்தைப் பார்த்தால் என்னைப் பார்க்க முடியாது. என்னைப் பார்த்தால் பந்து போய்விடும். ஆகவே காத்திருக்க வேண்டும். அவள் பந்தைப் பார்த்து முடித்து, தலையைத் தூக்கி, என் முகத்துக்கு வருகிற நொடியில் சைகை. பிறகு அவள் பந்துக்குத் திரும்பட்டும். முகவாயைப் பிடித்துத் திருப்பக் கூடாது. வேண்டுமானால் தோளில் மெல்லத் தட்டலாம், பந்துக்குப் பக்கத்திலேயே கையைக் கொண்டுபோய்ச் சைகை செய்யலாம், அவள் உடம்பின் மேலேயே செய்யலாம். அந்த ஆசிரியை படப்புத்தகத்தைத் தன் முகத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு பக்கத்தின் மேலேயே சைகை செய்வார். என்னைப் போன்ற வாயாடிக்குக் கை பழகியது விரைவில். வாயை மூடிக்கொண்டு காத்திருக்கப் பழகியதுதான் கடினம்.

நாட்டியத்தில் கை போகும் வழியே கண் போகும் என்பார்கள். இங்கே அப்படி இல்லை. சைகையில் பேசுகிறவர்கள் எதிராளியின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். கை ஓரக்கண்ணில் தெரிந்தால் போதும். கேள்வியா, மறுப்பா என்பதெல்லாம் புருவத்திலும் வாயிலும் இருக்கிறது. முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டுவது, ஏற்ற இறக்கமில்லாமல் வாசிப்பதைப் போல.

பேசிக்கொண்டே ஒவ்வொரு சொல்லுக்கும் கையையும் ஆட்டலாமே என்று கேட்பார்கள். நானும் செய்து பார்த்தேன். சைகை மொழிக்குத் தனி இலக்கணம், தனி வரிசை. இரண்டையும் ஒரே மூச்சில் ஓட்டினால் பெரும்பாலும் கைதான் பாதியை விழுங்கிவிடும். எங்கள் வழக்கம்: முதலில் கையால் சொல்வோம், பிறகு வாயால், தேவைப்பட்டால் மறுபடி கையால். எந்தச் சைகை மொழி என்றால், உங்கள் பகுதியில் வளர்ந்த காது கேளாதோர் தங்களுக்குள் எதில் பேசுகிறார்களோ, அது. உலகத்துக்கெல்லாம் ஒரே சைகை மொழி கிடையாது. பிரிட்டனும் அமெரிக்காவும் பேசுவது ஒரே ஆங்கிலம். அவர்களின் சைகை மொழிகள் ஒன்றுக்கொன்று புரியாது.

இரண்டேகால் வயதில் மகளுக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கருவி, வைத்தோம். உள்காதில் ஆயிரக்கணக்கான நுண்மயிர்ச் செல்கள் செய்யும் வேலையை ஏறக்குறைய இருபது மின்முனைகள் செய்யப் பார்க்கின்றன. அறுவை முடிந்து சில வாரம் கழித்துத்தான் இயக்குவார்கள். இயக்கிய அன்றே கேட்டுவிடாது. மூளை அந்தச் சத்தத்தைப் படித்தாக வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் ஒரே பலன் கிடைப்பதும் இல்லை. ஆனால் அவளிடம் அதற்குள் நூறுக்கு மேல் சைகைச் சொற்கள் சேர்ந்திருந்தன. "மேலே" என்றால் என்ன என்று தெரபிஸ்ட் புதிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆணி ஏற்கனவே அடித்திருந்தது, சட்டையை மாட்ட வேண்டியதுதான் மிச்சம்.

இம்ப்ளாண்ட் வைத்தபின் சைகை எதற்கு என்று என் தங்கையே கேட்டாள். குளிக்கும்போது வெளிக்கருவியைக் கழற்றுகிறோம். தூங்கும்போது கழற்றுகிறோம். பேட்டரி தீரும். விருந்தாளிகள் நிறைந்த கூடத்தில் எல்லாக் குரலும் ஒன்றாகக் கலங்கும். அந்த நேரமெல்லாம் அவள் யாரிடம் பேசுவாள்? நடு இரவில் பயந்து எழுந்தால் விளக்கைப் போட்டு, "நான் இருக்கிறேன்" என்று கையால்தான் சொல்ல வேண்டும். தங்கையும் இப்போது கற்றுக்கொண்டாள். என் அம்மாவுக்குத்தான் விரல் வளையவில்லை. அவர் தப்புத் தப்பாகச் செய்வதைப் பேத்தி திருத்துகிறாள். அது ஒரு தனி நாடகம்.

கேள்வி என்ற சொல்லைப் பாருங்கள். காதால் கேட்பதும் கேள்வி, வினவுவதும் கேள்வி. இவளுக்குக் கேள்வி இல்லை என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். சைகை தொடங்கி மூன்றாவது மாதம், ஒரு மாலை, கருவியைக் கழற்றிவிட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். மின்சாரம் போய் வந்தது. அவள் விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சோப்பு நுரையோடு இரண்டு கையையும் விரித்து, புருவத்தைச் சுருக்கி, "எங்கே?" என்றாள். விளக்கைக் கேட்டாளா, போன வெளிச்சத்தைக் கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தப்பான கைவடிவம், விரல்கள் சரியாக விரியவில்லை. மழலை.

நேரமாகிறது. பின்வரிசையில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவரும் பிறவியிலேயே காது கேளாதவர்கள். ஒருவர் தச்சர், இன்னொருவர் கணக்காளர். காது கேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அதனால் நம்மில் பலருக்கு நம் குழந்தையே வாழ்க்கையில் முதலில் சந்திக்கும் காது கேளாத மனிதர். தேநீர் இடைவேளையில் அவர்களிடம் போய்ப் பேசுங்கள். கை வராவிட்டால் காகிதத்தில் எழுதுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இனி உங்கள் கேள்விகள். கேட்கிறவர் எழுந்து முன்னே வந்து, வெளிச்சத்தில் நின்று கேளுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டால் பின்னால் இருக்கும் அந்த இருவருக்கும் உங்கள் முகம் தெரியாது.