விறகுவெட்டியோட தொண்டை நம்ம ஊர்த் தொண்டை

வணக்கம் மக்களே. கேக்குதா? ஒரு நிமிஷம், துப்பட்டாவுல மாட்டுன மைக்கு காத்துக்குக் கரகரங்குது. ம்... இப்பச் சரி. மைக்செட்காரர் மக போடுற வீடியோவுல மைக்கே சரியில்லண்டா செல்லூர்ல என்னைய ஓட்டியே கொன்னுருவாங்க.

இப்ப நான் நிக்கிறது மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி. எனக்குப் பின்னாடி ஜவுளிக்கடை தெரியுதுல்ல, அந்த எடத்துலதான் தங்கம் தியேட்டர் இருந்துச்சு. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' போட்டுத் தொறந்த தியேட்டரு. 2563 சீட்டு. ஆசியாவுலயே பெருசுண்டு பேரு வாங்குன கொட்டகை. இப்ப அங்கிட்டு பட்டுச்சேலை விக்குது. அதுக்கு ஒப்பாரி வைக்கிற வீடியோ ஏற்கெனவே நெறைய கெடக்கு, நானும் ஒண்ணு போடப் போறதில்ல. அப்புறம், ஜிகர்தண்டா எந்தக் கடையில நல்லாருக்கும்ண்டு கேட்டு எழுதாதீங்க, சாமி சத்தியமா அது வேற வீடியோ.

இன்னைக்கு ஒரே ஒரு கட்டம். 'திருவிளையாடல்' படத்துல வர்ற பாட்டுப் போட்டி. 1965ல ஏ.பி. நாகராஜன் எடுத்த படம். அந்தப் படம்ண்டாலே எல்லாரும் தருமியத்தான் பேசுவாங்க. நாகேஷை நான் கொற சொல்லல, அவர் கோயில்ல நின்னு தனியாப் பொலம்புறதுக்கு ஈடு கெடையாது. ஆனா எனக்கு, பாட்டுப் போட்டிக்கு வர்ற வெளியூர் வித்வான் ஏமநாத பாகவதர் பல்லக்கும் பரிவாரமுமா ஊருக்குள்ள வந்ததுக்கப்புறந்தான் படம் சூடு பிடிக்கிது. நடந்துக்கிட்டே பேசுவோம், வெயில் ஏறிருச்சு.

எங்க அப்பா செல்லூர்ல மைக்செட் வச்சிருந்தாரு. ரெண்டு கொழா, ஒரு ஆம்ப்ளிஃபயர், தட்டு சுத்துற பொட்டி ஒண்ணு, டிரங்குப் பொட்டி நெறைய ரெக்கார்டு. அம்புட்டுத்தான் சொத்து. காதுகுத்து, கல்யாணம், சடங்கு, முளைப்பாரிண்டு சைக்கிள்ல கட்டிக்கிட்டுப் போவாரு. விசேஷ வீட்டுக்குப் போனதும் மொத வேலை என்னண்டா, அவங்க எம்ஜிஆர் கட்சியா சிவாஜி கட்சியாண்டு பைய விசாரிக்கிறது. அது தெரியாம ஊசிய வச்சுப்புட்டா பந்தியில இவருக்கு எலை விழாது. ஒரு தடவ மாப்ள வீடு ஒரு கட்சி, பொண்ணு வீடு இன்னொரு கட்சி. அப்பா என்ன செஞ்சாரு தெரியுமா? ரெண்டு பேருக்கும் பின்னணி பாடுன டி.எம்.எஸ். பாட்டா மாத்தி மாத்திப் போட்டு முகூர்த்தத்த முடிச்சுட்டாரு. எவனாலயும் ஒண்ணும் சொல்ல முடியல. ரெண்டு பேருக்கும் தொண்டை ஒண்ணுதான!

அந்தப் பொட்டியில 'திருவிளையாடல்' படத்து 'பாட்டும் நானே' தட்டு ஒண்ணு உண்டு. நடுவுல ஒரு கீறல். அந்த எடம் வந்ததும் ஊசி மாட்டிக்கிரும். அப்பா ஊசிக் கழுத்து மேல நாலணாவ வச்சுப் பாப்பாரு, அதுக்கும் அடங்காட்டி என்னையப் பாப்பாரு. நான் ஓடிப் போயி வெரலால லேசா ஒரு தட்டு. அதான் சின்னப் புள்ளையில எனக்கு வேலை. சரியாத் தட்டுனா கல்யாண வீட்டுல லட்டு ஒண்ணு கூட வரும்.

இப்ப, நாலாப்பு படிக்கையில அலங்காநல்லூர்ப் பக்கம் எங்க அம்மாச்சி ஊருக்குப் போயிருந்தேன். அங்க டூரிங் டாக்கீஸ்ல 'திருவிளையாடல்'. மணலக் குமிச்சு மேடு கட்டி உக்காந்துருக்கேன். விறகுவெட்டி வேசத்துல வந்த சாமி திண்ணையில பாடுறாரு, உள்ள ஏமநாதன் முழிச்சுக்கிறாரு. பாட்டு ஏறுது, ஏறுது... ஒரு எடத்துல பாடுறதை நிறுத்துவாரு பாருங்க, உலகமே அப்படியே நின்னு போகும். அசைவே இல்ல. படம் பாத்தவங்களுக்குத் தெரியும். எனக்கு அது தெரியாதே! எங்க தட்டுல கீறல் விழுந்ததும் கிட்டத்தட்ட அதே எடந்தான். படார்ண்டு எந்திரிச்சுட்டேன். ஊசி மாட்டிக்கிச்சுண்டு நெனச்சு ஆப்பரேட்டர் ரூமப் பாத்து நாலெட்டு ஓடிட்டேன். அம்மாச்சி பாவாடையப் பிடிச்சு இழுத்து, "உக்காருடி, சாமிதான் நிறுத்தி வச்சுருக்காரு"ண்டு சொல்லுச்சு.

சிரிக்காதீங்க. இப்பவும் அந்தப் பாட்ட எங்க கேட்டாலும் அந்த எடத்துல எனக்கு வெரல் துடிக்கும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஷேர் ஆட்டோவுல ஏறிட்டேன், சத்தத்தக் கொஞ்சம் பொறுத்துக்குங்க. கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், பரஞ்சோதி முனிவர் திருவிளையாடல் புராணத்துல 'விறகு விற்ற படலம்'ண்டே இருக்கு. வடக்க இருந்து ஏமநாதண்டு ஒரு பெரிய பாட்டுக்காரன் வர்றான். பாண்டிய நாட்டுல எனக்கு எதிரா வாயத் தொறக்க ஆள் இருக்காங்கிறான். ராசா உள்ளூரு பாணபத்திரரப் போட்டிக்கு நிறுத்துறாரு. அவரு பயந்து போயிக் கோயில்ல விழுந்து அழுகுறாரு. சொக்கநாதரே விறகுவெட்டியா வந்து ராவுல ஏமநாதன் திண்ணையில உக்காந்து பாடுறாரு. நீ யாருண்டு கேட்டா, பாணபத்திரர் கிட்டப் படிக்கப் போனேன், நீ பாட்டுக்கு ஒதவ மாட்டேண்டு தள்ளிட்டாருங்கிறாரு. கழிச்சு விட்டவனே இப்படிப் பாடுனா வாத்தியார் எப்படிப் பாடுவாருண்டு ஏமநாதன் ராவோட ராவா ஊரக் காலி பண்ணிருவான்.

இதுல யார் யாருக்கு யார் கொரலுண்டு பாருங்க. ஏமநாதனா நடிச்சது டி.எஸ். பாலையா. அவருக்குப் பாடுனது பாலமுரளி கிருஷ்ணா, ஆந்திராவுல கோதாவரிப் பக்கம் பொறந்தவரு. வெளியூர் வித்வானுக்கு வெளியூர் வித்வான் கொரல். பாணபத்திரரா நடிச்சது டி.ஆர். மகாலிங்கம். அவரு யாரு? நம்ம சோழவந்தான், தென்கரைக்காரரு. சொந்தக் கொரல்லயே பாடுவாரு. விறகுவெட்டியா வர்ற சிவாஜிக்குப் பாடுனது டி.எம். சௌந்தரராஜன், மதுரையிலயே 1922ல பொறந்து வளந்த சௌராஷ்டிர வீட்டுப் புள்ள. ஏமநாதனுக்கு மதுரை பதில் சொல்லணும், சொன்னது மதுரைத் தொண்டை! இத யாரும் திட்டம் போட்டுச் செஞ்சாங்கண்டு நான் சொல்ல வரல. ஆனா இது பிடிபட்ட அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரல மக்களே.

அந்த டி.எம்.எஸ்.ஸத்தான் இப்பப் பாக்க வந்துருக்கோம். அண்ணே, இங்கதான், நிறுத்துங்க. முனிச்சாலை. 2023ல இந்தச் செலைய வச்சாங்க. நான் எத்தனை தடவ வந்தாலும் செருப்பக் கழட்டிட்டுத்தான் நிப்பேன். அது என் பைத்தியம், விடுங்க.

இன்னொரு சங்கதி. காலையில தங்கம் தியேட்டரச் சொன்னேன்ல, அங்க 'பராசக்தி' ஓடுனப்ப சிவாஜிக்குப் பாட்டுக் கொரல் டி.எம்.எஸ். இல்ல, சி.எஸ். ஜெயராமன். டி.எம்.எஸ்.ஸு சிவாஜிக்கு வந்தது 1954ல, 'தூக்கு தூக்கி'. இந்தப் புது ஆளு நமக்குச் சரி வருவாராண்டு சிவாஜிக்கே மொதல்ல சந்தேகம். பாடிக் காட்டித்தான் எடம் பிடிச்சாரு. அதே 1954லதான் 'மலைக்கள்ளன்', எம்ஜிஆருக்கு. ஒரே வருஷத்துல ரெண்டு மலையும் ஏறிட்டாரு. சிவாஜிக்கு அடிவயித்துல இருந்து எடுப்பாரு, எம்ஜிஆருக்குத் தொண்டையில வெட்டி நிறுத்துவாரு. 1965 பொங்கலுக்கு 'எங்க வீட்டுப் பிள்ளை'யில சாட்டையச் சுழட்டுன கொரலும் அதுதான், அதே வருஷம் சொக்கநாதரா வந்ததும் அதுதான்.

இதுல நான் வாய் பொளந்த எடம் வேற. விறகுவெட்டி பகல்ல தெருவுல ஒரு பாட்டுப் பாடுவாரு, 'பார்த்தா பசுமரம்'. அது கட்டைத் தொண்டை. நம்ம கீழமாசி வீதியில மூட்டை தூக்குற அண்ணன் ஒருத்தர் பாடுனா எப்படி இருக்கும், அப்படி. அதே ஆளு ராவுல 'பாட்டும் நானே' எடுக்கையில கௌரிமனோகரி ராகம். ஏமநாதன் ஏமாந்தது எதுலண்டு நெனைக்கிறீங்க? அந்தப் பகல் தொண்டைய நம்பித்தான். சிவாஜியும் அதுக்குத் தக்கன பகல்ல தோளக் குலுக்கி ஆடுவாரு, ராவுல உக்காந்ததும் ஒடம்பு அடங்கிரும், கழுத்து நரம்பு மட்டும் பேசும். அப்புறம் ஒரு சிவாஜி பல சிவாஜியாகி, ஒருத்தர் வீணை, ஒருத்தர் மிருதங்கம். அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் ஏது!

பாலையாவ விட்டா பாவம் பிடிச்சுக்கும். 'ஒரு நாள் போதுமா' பாடையில அந்தக் கையப் பாருங்க. பாட்டுல சபைக்குச் சலாம் போடுவாரு, கண்ணுல உங்களுக்கெல்லாம் இது புரியுமாண்டு ஒரு நக்கல். கடைசியில திண்ணையில வந்து நிப்பாரு பாருங்க, வாய் தொறந்தபடி, அங்கவஸ்திரம் எங்க கெடக்குண்டே தெரியாம. தோத்துப் போறத அம்புட்டு அழகா நடிக்க இன்னொருத்தர் எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஹீரோ ஜெயிக்கிறது லேசு, எதுத்தாப்புல இருக்கவன் தோக்கத் தெரிஞ்சவனா இருக்கணும்.

மதுரைத் தொண்டைண்டா எம்.எஸ். சுப்புலட்சுமியும் உண்டு; அவங்க வீடு அனுமந்தராயன் கோயில் தெருவுல இருக்கு, முகப்புல வீணை போட்ட வீடு. அங்க நான் தனியா ஒரு நாள் போறேன், அவங்க நடிச்ச 'மீரா' படத்த நாலு வரியில பேசி முடிக்க எனக்கு மனசு வரல.

ஆனா 'தில்லானா மோகனாம்பாள்' ஒண்ணச் சொல்லிர்றேன். 1968. சிவாஜி கையில இருக்க நாயனம், அதான் நாதஸ்வரம், சத்தம் நம்ம எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுது. மதுரை பொன்னுசாமிப் பிள்ளையோட பேரப் புள்ளைக. அவங்கள எதுத்தாப்புல வாசிக்கச் சொல்லி உக்காந்து கவனிச்சாராம் சிவாஜி. அப்பா செட்டு கட்டுன ஒரு கல்யாணத்துல வயசான நாயனக்காரர் ஒருத்தர் நாயனத்து வாயில மாட்டி ஊதுற சீவாளிய நாக்குல நனச்சுக்கிட்டே சொன்னாரு: "வெரல யாரு வேணா அசைச்சுக் காட்டிரலாம்பா. அந்த மனுசன், வாசிக்கிறவன் எங்க மூச்சு வாங்குவானோ அங்க வாங்குறாருய்யா. கன்னம் உப்புறது கூட எடத்துக்கு எடம் மாறுது." அதக் கேட்டுட்டு வந்து நான் சத்தத்த அமுத்திட்டுப் படத்த ஓட்டிப் பாத்தேன். நீங்களும் பாருங்க. சத்தமே இல்லாம நாயனம் கேக்கும்.

ஆவணி மூலத் திருவிழாவுல விறகு வித்த லீலை இன்னமும் நடக்குது. அன்னைக்குக் கூட்டத்துல நிக்கையில எனக்கு அந்தச் சாமிக்கு சிவாஜி மொகமும் டி.எம்.எஸ். கொரலுந்தான். அம்மாச்சி இருந்தா திட்டும்.

இந்தா, வீட்டுக்கு வந்துட்டேன். இதுதான் அப்பா பொட்டி. கொழா ஒண்ணு ஒடுங்கிப் போச்சு, இன்னொண்ணு மாடியில தண்ணித் தொட்டி பக்கம் கெடக்கு. தட்டு சுத்துற பொட்டிக்குப் போன மாசந்தான் பெல்ட்டு மாத்துனேன். இதுதான் அந்தத் தட்டு, வெளிச்சத்துல சாச்சுக் காட்டுறேன், கீறல் தெரியுதா? காப்பிரைட்டு போட்டுருவாங்க, அதுனால கொஞ்சூண்டுதான். நாலணா இப்பச் செல்லாது, ஆனா இதுக்குச் செல்லும். வச்சாச்சு. பேசாமக் கேளுங்க...

...

...இந்தா. மாட்டிக்கிச்சு பாத்தீங்களா? இருங்க, தட்டி விட்டுட்டு வர்றேன்.