மனுஷர் இல்லாத இடத்தில் பெய்யும் மழை

(கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில், அறுப்பின் பண்டிகை ஆராதனையில் ஆற்றிய உரை)

கர்த்தருக்குள் அன்பான சபையாரே,

பீடத்துக்கு முன்னால் கேழ்வரகு மூட்டைகள், புளி, தேங்காய், பூசணி, கால் கட்டிய சேவல் ஒன்று. பாட்டுக்கு நடுவே அதுவும் கூவியது; பாடகர் குழு கோபிக்க வேண்டாம், அதற்கும் உரிமை உண்டு.

இவையெல்லாம் நம் கைக்கு வந்தவை. வந்ததற்கு நன்றி சொல்கிறோம், நல்லதுதான். ஆனால் விசுவாசப்பிரமாணத்தில் நாம் என்ன அறிக்கையிடுகிறோம்? வானத்தையும் பூமியையும் படைத்தவரை விசுவாசிக்கிறோம் என்கிறோம். என் இரண்டு ஏக்கரைப் படைத்தவரை என்று அதில் இல்லை. கொடுத்தவருக்கு நன்றி சொல்ல எவருக்கும் தெரியும். படைத்தவருக்கு நன்றி சொல்ல, நமக்கு வராததையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

வேதத்தில் வரும் யோபு அதைக் கடினமான வழியில் கற்றார். பிள்ளைகளையும் மந்தையையும் இழந்து, ஏன் என்று கேட்டவருக்குக் கர்த்தர் காரணம் எதையும் சொல்லவில்லை. மனுஷர் குடியில்லாத வனாந்தரத்தில் மழை பெய்விப்பது யார் என்று 38ஆம் அதிகாரத்தில் திருப்பிக் கேட்கிறார். யாருடைய பயிருக்கும் உதவாத மழை அது! பிறகு 40ஆம் அதிகாரத்தில் பிகெமோத் என்ற பெரிய மிருகத்தைக் காட்டி, உன்னை உண்டாக்கினதுபோல அதையும் உண்டாக்கினேன் என்கிறார். அது நீர்யானை என்பார் சிலர், யானை என்பார் சிலர். இந்த ஊரில் எந்தப் பக்கம் ஓட்டு விழும் என்று எனக்குத் தெரியும்.

கேழ்வரகு கதிர் முற்றும் காலத்தில் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைக் கூட்டம் வருகிறது. பரணில் கண்விழித்துக் காவல் இருந்தவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரே இரவில் கொல்லைப் பயிர் முழுவதையும் இழந்தவர்கள் உண்டு. ஓர் உயிரையே பறிகொடுத்த குடும்பங்களும் இந்த வட்டாரத்தில் உண்டு. அவர்களிடம் போய் "யானைக்காக ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. நஷ்டம் நஷ்டம்தான். இழப்பீட்டு மனுவை நாளைக்கே எழுதிக் கொடுங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

ஆனாலும் 104ஆம் சங்கீதக்காரன் இருட்டைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. இரவில் சிங்கக்குட்டிகள் தேவனிடம் ஆகாரம் தேடி முழங்கும். சூரியன் உதித்ததும் அவை போய்ப் படுத்துக்கொள்ளும். மனுஷன் சாயங்காலம் வரை வேலைக்குப் புறப்படுவான். ஒரே பூமி, இரண்டு வேளை. சிங்கத்துக்கு ஒரு பகுதி, நமக்கு ஒரு பகுதி. இரண்டையும் அவன் ஒரே மூச்சில் துதிக்கிறான். காட்டு மரங்களைக் கர்த்தருடைய விருட்சங்கள் என்கிறான். நம் பக்கத்துக் காடு காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் ஆனது 2014இல். கர்த்தருடையதாக இருந்தது அதற்கு வெகுகாலம் முன்பே.

விளைச்சலுக்கு மட்டும் நன்றி சொல்லிப் பழகியவன், விளையாத ஆண்டில் ஆலயத்துக்கு வருவதற்கே கூசுவான். தக்காளி விலை விழுந்த வருடங்களில் அப்படி வராமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறோம். ஆபகூக் தீர்க்கதரிசியோ அத்திமரம் துளிர்க்காமல், வயல் விளையாமல், தொழுவம் காலியாகக் கிடக்கும்போதும் கர்த்தருக்குள் மகிழ்ந்திருப்பேன் என்றார். அவர் கையில் எண்ணிப்பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. படைத்தவர் மட்டும் அப்படியே இருந்தார்.

இந்தக் காணிக்கைப் பொருட்களை ஏலம் கேட்கக் காத்திருக்கிறீர்கள், பின்னால் பிரியாணி வாசனையும் வந்துவிட்டது. இருந்தாலும் ஒரு விண்ணப்பம். ஏலத்துக்கு முன் 104ஆம் சங்கீதத்தை எல்லாரும் சேர்ந்து வாசிப்போம். மொத்தம் 35 வசனங்கள். சிங்கம் வரும் இடத்தைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.