மண்டியிட்ட வீரரும் கூச்சலிட்ட கேலரியும்

(வியாசர்பாடியில் கால்பந்து வீரர்கள், கோச்சுகள், ரெஃப்ரிகள், ரசிகர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"விளையாட்டுல அரசியல் வேணாம்பா" என்று நம் ஏரியாவில் நிறையப் பேர் சொல்கிறார்கள். அதை எங்கே நின்று சொல்கிறார்கள் என்று பாருங்கள். கிரவுண்டைச் சுற்றிக் கட்சித் தலைவர்களின் ஃப்ளெக்ஸ். கோப்பை கொடுத்தவர் வட்டச் செயலாளர். கவுன்சிலர் பந்தை உதைத்தால்தான் மேட்ச் தொடங்குகிறது. ஒரு டீமின் ஜெர்சி முதுகில் அண்ணல் அம்பேத்கர். அரசியல் எப்போதோ உள்ளே வந்துவிட்டது. ரசிகர்கள் பிரிந்து நிற்பது யாருடைய அரசியல், யாரைக் கேட்டுச் செய்தீர்கள், எந்த நேரத்தில் செய்தீர்கள் என்ற மூன்று கேள்விகளில்தான்.

முதலில் அமெரிக்கா. அங்கே ஃபுட்பால் என்றால் நம் ஆட்டம் இல்லை, நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம். 2016 ஆகஸ்ட்டில் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணியின் காலின் கேப்பர்னிக், தேசிய கீதம் இசைத்தபோது எழாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கறுப்பின மக்கள் மீது போலீஸ் நடத்தும் வன்முறைக்கு எதிர்ப்பு அது. நேட் பாயர் என்ற முன்னாள் ராணுவ வீரர் அவரைச் சந்தித்துப் பேசினார். இறந்த தோழனின் கல்லறை முன் சிப்பாய் மண்டியிடுவான், நீயும் அப்படிச் செய் என்பது அவர் யோசனை. செப்டம்பர் 1ஆம் தேதி சான் டியேகோவில் கேப்பர்னிக்கும் அவர் அணித் தோழர் எரிக் ரீடும் மண்டியிட்டார்கள். கொடியை அவமதிக்காமல் எதிர்ப்பைச் சொல்லவே அந்த முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். கேலரியில் பாதிப் பேருக்கு அந்தச் சேதி போய்ச் சேரவே இல்லை.

அந்த மாதமே கேப்பர்னிக்கின் 7ஆம் எண் ஜெர்சி விற்பனையில் முதலிடத்துக்கு வந்தது. அதே ஜெர்சியைக் கொளுத்தி வீடியோ போட்ட ரசிகர்களும் இருந்தார்கள். மறு ஆண்டு செப்டம்பரில், மண்டியிடுபவர்களை வேலையை விட்டுத் தூக்குங்கள் என்று அதிபர் டிரம்ப் மேடையில் பேச, அடுத்த ஞாயிறன்று 200க்கும் மேற்பட்ட வீரர்கள் மண்டியிட்டார்கள் அல்லது உட்கார்ந்தார்கள். சிகாகோவில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி கீதம் முடியும்வரை, வீரர்கள் மைதானத்துக்குள் வரும் டனலை விட்டே வெளியே வரவில்லை. ஆப்கானிஸ்தானில் போரிட்ட அலெஹாண்ட்ரோ வில்லனுவேவா மட்டும் டனல் வாசலில் நெஞ்சில் கைவைத்து நின்றார். உடனே அவர் ஜெர்சி விற்பனையில் முதலிடம். ஒரே விளையாட்டு, ஒரே கடை, இரண்டு ஜெர்சி. காசு கொடுத்து வாங்கிய இருவருமே அரசியல்தான் பேசினார்கள்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2015இல் மெக்கெய்ன், ஃப்ளேக் என்ற இரண்டு செனட்டர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மைதானத்தில் கொடி விரிக்கவும் ராணுவத்தினரைக் கௌரவிக்கவும் விளையாட்டு அணிகளுக்குப் பாதுகாப்புத் துறை 68 லட்சம் டாலர் கொடுத்திருந்தது அதில் வெளியானது. பணம் வாங்கிக்கொண்டு நடத்திய நிகழ்ச்சி அரசியல் இல்லை, ஒருவர் சும்மா மண்டியிட்டால் அது மட்டும் அரசியலா? 2017 மார்ச்சில் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்த கேப்பர்னிக்கை அதன்பிறகு எந்த அணியும் எடுக்கவில்லை. வீரருக்கு அது வேலை, சோறு. கேலரியில் இருந்து தீர்ப்புச் சொல்கிறவர் இதை மறக்கக் கூடாது.

இப்போது நம் ஆட்டத்துக்கு வருவோம். மில்வால், லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் வளர்த்த கிளப். ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் அந்த ஊர் அந்நியமில்லை. 2020 டிசம்பர் 5, டெர்பி கவுண்டியோடு மேட்ச். கொரோனா அடைப்புக்குப் பின் உள்ளே விடப்பட்ட சுமார் 2,000 ரசிகர்களில் ஒரு பகுதி, இனவெறிக்கு எதிராக மண்டியிட்ட வீரர்களைப் பார்த்துக் கூச்சல் போட்டது. அதில் இனவெறி பிடித்தவர்கள் இருந்தார்கள், அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' என்ற இயக்கத்தின் அரசியலைத்தான் எதிர்க்கிறோம் என்றவர்களும் இருந்தார்கள். மூன்று நாள் கழித்துக் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸோடு அடுத்த மேட்ச். இரண்டு அணியும் கைகோத்து நின்று, பாகுபாட்டை எதிர்க்கும் பேனரை ஒன்றாகப் பிடித்தார்கள். அதே மைதானத்தில் கைதட்டல். கோரிக்கை மாறவில்லை, சொன்ன விதம் மாறியது.

மண்டியிடுவதை எதிர்த்தவர்கள் எல்லோரும் ஒரே ரகமில்லை என்பதற்கு வில்ஃப்ரிட் ஸாஹா சாட்சி. அப்போது லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் கிளப்பில் ஆடிய கறுப்பின வீரர். 2021இல் அவர் இனி மண்டியிட மாட்டேன், நிமிர்ந்து நிற்பேன் என்றார். வாரா வாரம் செய்து அது சடங்காகிவிட்டது, அப்படிச் செய்தும் எங்கள் மீது வசை நிற்கவில்லை என்பது அவர் வாதம். 2022 ஆகஸ்ட்டில் பிரீமியர் லீக் கேப்டன்களே கூடி, தேர்ந்தெடுத்த சில மேட்ச்சுகளில் மட்டும் மண்டியிடுவது என்று முடிவெடுத்தார்கள். என் கருத்தில் சரியான முடிவு.

நம் நாட்டில் 2023 ஜூலை 4, பெங்களூரு. குவைத்தைப் பெனால்டியில் வென்று இந்தியா சாஃப் என்ற தெற்காசியக் கால்பந்துக் கோப்பையைத் தூக்கிய இரவு. மணிப்பூரில் மெய்தேய், குக்கி மக்களுக்கிடையே மோதல் நடந்துகொண்டிருந்த நேரம். மணிப்பூர்க்காரரான ஜீக்சன் சிங் ஏழு வண்ண மெய்தேய் கொடியைப் போர்த்திக்கொண்டு பதக்கம் வாங்க வந்தார். என் மாநிலம் எரிகிறது, அமைதி வேண்டும் என்றார். ஒரு சாரார் நெகிழ்ந்தார்கள். மோதலில் ஒரு தரப்பின் கொடியைத் தேசிய அணியின் மேடைக்குக் கொண்டுவரலாமா என்று குக்கி மக்கள் கேட்டார்கள். யார் மனதையும் புண்படுத்த நினைக்கவில்லை என்று அவர் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் வலி உண்மையானது. 'அமைதி' என்று எழுதிய வெள்ளைத் துணியாக இருந்திருந்தால் இந்தப் பிளவு இவ்வளவு ஆழமாகப் போயிருக்காது என்று நினைக்கிறேன்.

நம்மைச் சின்ன பிரேசில் என்று கூப்பிடுகிறார்கள். அப்படியானால் பிரேசில் கால்பந்து வீரர் சாக்ரடீஸைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பிரேசிலில் ராணுவ ஆட்சி நடந்த காலத்தில், அவர் ஆடிய கொரிந்தியன்ஸ் கிளப்பில் எல்லாமே ஓட்டுக்கு விடப்பட்டது. நட்சத்திர வீரருக்கும் ஒரு ஓட்டு, கிட் எடுத்து வைப்பவருக்கும் ஒரு ஓட்டு. 1982 நவம்பரில் "15ஆம் தேதி வாக்களியுங்கள்" என்று ஜெர்சியில் அச்சிட்டு இறங்கினார்கள். 1982, 1983 இரண்டு ஆண்டும் சாவ் பாவ்லோ மாநிலப் பட்டம் அவர்களுக்குத்தான். டிரெஸ்ஸிங் ரூமில் முதலில் பேசி முடித்துவிட்டுக் கிரவுண்டுக்கு வந்தார்கள். அதுதான் அவர்களின் பலம்.

இனி விதி. கால்பந்து விதிகளில் 4ஆவது விதி ஆட்டக்காரரின் உடை, உபகரணம் பற்றியது. அரசியல், மதம், தனிப்பட்ட வாசகம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. கட்சி, அரசு, குறிப்பிட்ட அரசியல் நிகழ்வு ஆகியவற்றோடு, உயிரோடு இருப்பவரோ மறைந்தவரோ எந்த நபரின் படமும் பெயரும் இதில் அடங்கும். ஒரே விலக்கு, அந்தப் பெயர் போட்டியின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே இருப்பது. ஆகவே அம்பேத்கர் பெயரில் நடக்கும் கோப்பையில் அவர் பெயர் ஜெர்சியில் இருக்கலாம். அதே ஜெர்சியோடு லீக் மேட்ச்சுக்குப் போனால் ஆட்சேபணை வர இடமுண்டு. இரண்டாவது செட் ஜெர்சி கையில் இருக்கட்டும்.

உள் டி-ஷர்ட்டில் எழுதிக் காட்டினாலும் இதே விதிதான். 1997இல் லிவர்பூலின் ராபி ஃபவுலர், வேலை நீக்கப்பட்ட துறைமுகத் தொழிலாளர்களை ஆதரித்து உள்ளே போட்டிருந்த டி-ஷர்ட்டைக் காட்டினார். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ 2,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம் போட்டது. வாசகத்துக்குத் தண்டனை கொடுப்பது போட்டி நடத்துபவர் அல்லது சங்கம். ஆனால் கோல் அடித்துவிட்டு ஜெர்சியைக் கழற்றினால் மஞ்சள் அட்டை அங்கேயே வரும், கோல் செல்லாது என்று ஆனாலும் வரும். ஏற்கெனவே ஒரு மஞ்சள் வாங்கியவர் என்றால் வெளியே போக வேண்டியதுதான், டீம் பத்துப் பேரோடு ஆடும்.

ஆகவே எதிர்ப்போ இரங்கலோ தெரிவிக்க நினைக்கும் டீமுக்குச் சொல்கிறேன். கோல் அடித்த நேரத்தைத் தொடாதீர்கள். அப்போது எதிரணி அதைத் தன்னைச் சீண்டுவதாகவே எடுத்துக்கொள்ளும். டாஸ் முடிந்து கிக்-ஆஃப்புக்கு முன் ஒரு நிமிடம், சென்டர் சர்க்கிளில், முடிந்தால் இரண்டு அணியும் சேர்ந்து. முந்தின நாளே கேப்டன் போட்டிக் கமிட்டிக்கு எழுத்தில் கொடுக்கட்டும்: என்ன செய்யப் போகிறோம், எதற்கு, எவ்வளவு நேரம். ரெஃப்ரியிடமும் சொல்லிவிடுங்கள். கையில் கட்டும் கருப்புப் பட்டைக்கு ஊக்கு குத்தாதீர்கள், அது ஆபத்தான பொருள் என்று ரெஃப்ரி கழற்றச் சொல்வார். எலாஸ்டிக்கில் தைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை சாக்ஸின் மேல் கருப்பு டேப் சுற்றினாலும் பிரச்சினை, டேப் சாக்ஸின் நிறத்திலேயே இருக்க வேண்டும்.

விருப்பமில்லாத வீரர் சும்மா நிற்கட்டும். அவரைத் துரோகி என்று யாரும் சொல்ல வேண்டாம். மைக்கில் இரண்டே வரி: எதற்காக இந்த ஒரு நிமிடம் என்று. இந்த இரண்டு வரியை விட்டுவிடுவதால்தான் பாதிக் கூச்சல் கிளம்புகிறது.

ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. பிடிக்கவில்லை என்றால் கைதட்டாமல் இருங்கள், கூச்சலும் போடுங்கள், அது உங்கள் உரிமை. சாதிப் பெயரை இழுத்தால் கதையே வேறு. பட்டியல் சாதி, பழங்குடி வீரரை, அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவர் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ரெஃப்ரிகளே, அப்படி நடந்தால் முதலில் ஆட்டத்தை நிறுத்தி மைக்கில் எச்சரிக்கை சொல்லச் சொல்லுங்கள். நிற்கவில்லை என்றால் இரண்டு டீமையும் வெளியே அழைத்துச் சென்று சிறிது நேரம் ஒத்திவையுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் மேட்ச்சைக் கைவிடுங்கள். மூன்றையும் நேரத்தோடு ரிப்போர்ட்டில் எழுதுங்கள். வீரர் என்ன சைகை செய்தார் என்பதையும் அப்படியே எழுதினால் போதும், அதன் அரசியல் சரியா தவறா என்று ரெஃப்ரி எழுத வேண்டாம்.

இனி உங்கள் கேள்விகள். ரெஃப்ரிகள் முதலில் கேட்கட்டும்.