மனு போட ஒரு வாசல்

நேயர்களுக்கு வணக்கம்.

மத சுதந்திரம், சிறுபான்மையினர் உரிமை என்று பேச்சை எடுத்தாலே பிரகடனம், உடன்படிக்கை, தீர்மானம் என்று பெயர்கள் வரிசை கட்டி வந்துவிடும். அதையெல்லாம் ஒப்பிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. சொந்த நாட்டிலேயே நியாயம் கிடைக்காத ஒருவர், எல்லைக்கு வெளியே போய் மனு போட முடிந்ததா? போட்டபின் என்ன நடந்தது? இதை மட்டும் பார்ப்போம். இந்த நூறாண்டு முயற்சியில் ஏதாவது உருப்படியாக நடந்திருக்கிறது என்றால், பெரும்பாலும் அப்படிப்பட்ட வாசல் திறந்திருந்த இடங்களில்தான் என்பது என் கணிப்பு.

1933. ஹிட்லர் ஆட்சியைப் பிடித்துச் சில மாதங்கள்தான் ஆகின்றன. ஜெர்மனியின் கிழக்கு எல்லையில், மேல் சைலீசியாவில், ஒரு கடையில் வேலை பார்த்தவர் ஃபிரான்ஸ் பெர்ன்ஹைம். யூதர் என்ற ஒரே காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பிராக் நகருக்குப் போய், மே மாதம் அங்கிருந்து ஜெனீவாவில் இருந்த சர்வதேச சங்கத்துக்கு ஒரு மனு அனுப்பினார். ஐ.நா.வுக்கு முன்னோடி அந்தச் சங்கம்.

ஜெர்மனியின் மற்ற பகுதியில் வாழ்ந்த யூதர்களுக்கு இந்த வழி கிடையாது. மேல் சைலீசியாவுக்கு மட்டும் ஜெர்மனியும் போலந்தும் 1922-இல் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன. அங்குள்ள சிறுபான்மையினர் நேரடியாக சங்கத்துக்கு மனு அனுப்பலாம் என்று அதில் இருந்தது. ஜெர்மன் பிரதிநிதி முதலில், கீழ்நிலை அதிகாரிகள் தவறு செய்திருக்கலாம் என்று சமாளித்தார். பெர்ன்ஹைமுக்கு மனு போடும் தகுதியே இல்லை என்றும் வாதம் எழுந்தது. எதுவும் எடுபடவில்லை. யூத எதிர்ப்புச் சட்டங்களை அந்த ஒரு பகுதியில் மட்டும் ஹிட்லர் அரசு நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. 1937 ஜூலையில் ஒப்பந்தம் காலாவதியானது. அதோடு அந்தப் பாதுகாப்பும் போயிற்று. நான்கு வருடம்தானே என்று தோன்றலாம். வெளியேற வழி தேடிய குடும்பத்துக்கு நான்கு வருடம் சின்ன விஷயமில்லை.

சங்கத்தின் சிறுபான்மையினர் பாதுகாப்பு ஏற்பாட்டில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. சிறுபான்மையினரைக் காப்போம் என்று 1919 முதல் கையெழுத்துப் போட வைக்கப்பட்டவை போலந்து, ருமேனியா போன்ற நாடுகள். போட வைத்த பிரிட்டனும் பிரான்சும் தங்கள் மேல் அந்தக் கடமையைச் சுமத்திக்கொள்ளவில்லை. ஊருக்குத்தான் உபதேசம். எல்லா நாட்டுக்கும் பொதுவாக ஒரு விதி வரும்வரை ஒத்துழைக்க மாட்டோம் என்று 1934-இல் போலந்து கையை விரித்தது. அதன் உள்நோக்கம் என்னவாக இருந்தாலும், கேட்ட கேள்வி நியாயமானதுதான்.

எல்லோருக்கும் பொதுவான விதி 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் வந்தது. மனித உரிமைப் பிரகடனத்தின் 18-ஆவது பிரிவு, மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே சொன்னது. சவூதி அரேபியா அதை ஏற்காமல் வாக்களிப்பிலிருந்து விலகி நின்றது. பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் ஜஃபருல்லா கான் அதே பிரிவை ஆதரித்துப் பேசினார். முஸ்லிம் நாடுகள் எல்லாம் ஒரே குரலில் எதிர்த்தன என்று இன்றும் சிலர் சொல்வதால் இதைக் குறிப்பிடுகிறேன். ஆனால் சிறுபான்மையினருக்கென்று தனிப் பிரிவு அந்தப் பிரகடனத்தில் இடம்பெறவில்லை. அது 1966-இல் வந்த குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவாகத்தான் வந்தது.

அந்த உடன்படிக்கை சட்டமாகவே கட்டுப்படுத்தக்கூடியது. நெருக்கடி நிலை அறிவித்தாலும் மத சுதந்திரத்தை முடக்க முடியாது. வழிபாடு, பிரசாரம் போன்ற வெளிப்படையான செயல்களுக்குக் கட்டுப்பாடு போடலாம். அதற்கான காரணங்களும் எழுதப்பட்டிருக்கின்றன: பொதுப் பாதுகாப்பு, ஒழுங்கு, சுகாதாரம், ஒழுக்கம், பிறர் உரிமை. அரசுகள் அடிக்கடி தூக்கிப் பிடிக்கும் தேசப் பாதுகாப்பு அந்தப் பட்டியலில் இல்லை. நம்பிக்கையே இல்லாதவருக்கும் இந்த மத சுதந்திரப் பிரிவு பொருந்தும் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1993-இல் விளக்கம் கொடுத்தது.

அதே 1993-இல் ஐரோப்பாவில் ஒரு தீர்ப்பு வந்தது. மினோஸ் கொக்கினாகிஸ் என்ற கிரேக்க முதியவர் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். கிரேக்கத்தில் 1938-இல் மதம் மாற்ற முயல்வதைக் குற்றமாக்கினார்கள். அந்தக் காலத்திலிருந்து அவர் கைதானது அறுபது முறைக்கும் மேல். 1986-இல் அவரும் மனைவியும் கிரீட் தீவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அது உள்ளூர் ஆர்த்தடாக்ஸ் தேவாலயப் பாடகரின் வீடு. அவர் மனைவியிடம் இவர்கள் பேசிக்கொண்டிருக்க, பாடகர் போலீசைக் கூப்பிட்டார். கீழமை நீதிமன்றத்தில் சிறைத் தண்டனை. வழக்கு கடைசியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. அவர் எந்த முறைகேடான வழியைக் கையாண்டார் என்று கிரேக்க நீதிமன்றங்கள் காட்டவே இல்லை என்றது அது. தீர்ப்பு அவர் பக்கம். ஆனால் சட்டத்தையே அது தப்பென்று சொல்லவில்லை. சட்டம் ஏட்டில் அப்படியே இருந்தது.

சரி, ஒரு நாடு அந்த 1966 உடன்படிக்கையில் சேரவே இல்லை என்றால்? மியான்மர் அப்படித்தான். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் எல்லை தாண்டி வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அந்த உடன்படிக்கையின் கீழ் இவர்கள் மனு போட வாசலே இல்லை. ஆனால் இன அழிப்பைத் தடுக்கும் உடன்படிக்கையில் மியான்மர் 1956-இலேயே சேர்ந்திருந்தது. அந்தப் பிடியை வைத்து 2019 நவம்பரில் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது ஆப்பிரிக்காவின் குட்டி நாடான காம்பியா. அதன் அப்போதைய நீதித்துறை அமைச்சர் அபுபக்கர் தம்பதூ, ருவாண்டா படுகொலைத் தீர்ப்பாயத்தில் பணியாற்றியவர். டிசம்பரில், அப்போது மியான்மர் அரசை வழிநடத்திய ஆங் சான் சூ கீயே நேரில் வந்து தன் நாட்டுக்காக வாதாடினார். 2020 ஜனவரியில் நீதிபதிகள் ஒருமனதாக இடைக்கால உத்தரவு போட்டார்கள். உனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மியான்மர் காம்பியாவைக் கேட்டது. 2022-இல் அந்த ஆட்சேபம் தள்ளுபடியானது.

வல்லரசுகள் வெளியிடும் பட்டியல்கள் மேல் எனக்கு அவ்வளவு மதிப்பில்லை. அமெரிக்கா 1998-இல் சட்டம் போட்டு, மத சுதந்திரத்தை மோசமாக மீறும் நாடுகளை அறிவிக்கிறது. சவூதி அரேபியா 2004-இலேயே அதில் ஏறியது. தடை விதிக்க வேண்டுமே என்றால், தேச நலன் கருதி விலக்கு!

மத சுதந்திரத்தைக் கவனிக்க ஐ.நா.வில் 1986-இல் உருவான சிறப்பு அறிக்கையாளர் பதவியை அப்படித் தள்ளிவிட மாட்டேன். சம்பளம் இல்லாத பதவி. பாகிஸ்தானில் சிறுபான்மையினருக்காக வாதாடிய வழக்கறிஞர் அஸ்மா ஜஹாங்கீர் 2004 முதல் 2010 வரை அதில் இருந்தார். ஒரு நாட்டுக்கு அதிகாரபூர்வமாகப் போய்ப் பார்க்க அந்நாட்டின் அழைப்பு வேண்டும். புகாரை வாங்க அது தேவையில்லை. அந்த நாடு எந்த உடன்படிக்கையில் சேர்ந்தது, சேரவில்லை என்பதும் பொருட்டில்லை. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறொருவரோ எழுதலாம். பொருட்படுத்தத்தக்கது என்று பட்டால் அறிக்கையாளர் அந்த அரசுக்குக் கடிதம் அனுப்பி, வழக்கமாக 60 நாளில் பதில் கேட்பார். அப்புறம் கடிதம் பொதுவில் வெளியாகும். அரசு பதில் தந்திருந்தால் அதுவும் பக்கத்திலேயே இருக்கும். தராவிட்டால் அந்த இடம் காலியாக இருப்பதையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வணக்கம்.