கூட்டம் கலைந்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆட்டம் முடிந்து கடைசி ஆள் வெளியேறிய பிறகும் பெரிய அரங்குகளில் விளக்கை அணைக்க மாட்டார்கள். அப்போதுதான் கையுறையும் பெரிய பைகளுமாகத் தூய்மைப் பணியாளர்கள் உள்ளே வருவார்கள். அப்படி ஓர் இரவு அவர்களோடு நானும் நின்றேன். 'மறுசுழற்சி' என்று கொட்டை எழுத்தில் எழுதிய ஒரு தொட்டியை, அங்கே வேலை செய்யும் ஓர் அம்மா எனக்காகக் கவிழ்த்துக் காட்டினார். பாதி குடித்த கப்புகள், சாஸ் அப்பிய அட்டைப்பெட்டிகள், யாரோ விட்டுப்போன குடை. அடியில் நல்ல பாட்டில்கள்தான், ஆனால் எல்லாம் பிசுபிசுவென்று இருந்தன. அட்டை ஊறிக் கூழாகியிருந்தது. அவற்றை எடுத்துப்போக வந்தவர் ஒரு பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். தனித்தனியாக இருந்திருந்தால் விலைபோயிருக்கும் பொருள், கலந்துபோனதால் குப்பையாகிவிட்டது.

உடனே மக்களுக்குப் பொறுப்பு இல்லை என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கால்பந்தில் இடைவேளை 15 நிமிடம். அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் சாப்பிட்டு, கை கழுவி, இருக்கைக்குத் திரும்ப வேண்டும். தொட்டியின் முன் ஒருவர் நிற்பது இரண்டு நொடி. அறிவிப்புப் பலகையை யார் படிப்பார்கள்? தொட்டியே சொல்ல வேண்டும். பாட்டில் தொட்டியின் மூடியில் பாட்டில் நுழையும் அளவுக்கு ஒரு வட்டத் துளை போதும், வேறு எதையும் போட வந்த கை தானாகத் தயங்கும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிப்பட்ட மூடியை வைத்ததுமே சரியான தொட்டியில் போடுவது 34 சதவீதம் கூடியது. அப்புறம், தொட்டிகளைச் சேர்த்தே வைக்க வேண்டும். குப்பைத்தொட்டி மட்டும் தனியாக நிற்கும் இடத்தில் எல்லாமே அதற்குள் போய்விடும்.

ஆனால் தொட்டி கடைசிக் கட்டம்தான். விஷயம் அதற்குப் பல வாரம் முன்பே, கடைக்காரர்களோடு ஒப்பந்தம் போடும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. ஒரு கடையில் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக் கப், அடுத்த கடையில் தாவர மாவுச்சத்திலிருந்து செய்த பிஎல்ஏ கப், மூன்றாவதில் காகிதக் கப். முதல் இரண்டும் பார்வைக்கு அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். பிஎல்ஏ கப் பெட்டோடு கலந்தால் பெட்டின் தரம் கெடும். அது மக்க வேண்டுமானால் 55, 60 டிகிரி வெப்பம் தொடர்ந்து இருக்கும், கழிவை மக்க வைத்து உரமாக்கும் ஆலை வேண்டும், சாதாரணக் குழியில் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். காகிதக் கப்பின் உட்புறத்திலோ பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. இந்த மூன்றையும் வாங்கி வைத்துவிட்டு, பிரித்துப் போடுங்கள் என்று ரசிகரிடம் கேட்பது நியாயமே இல்லை. எல்லாக் கடைக்கும் ஒரே வகைக் கப், ஒரே வகைத் தட்டு என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் வாசலிலேயே நின்றுவிடும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் உணவுப் பொட்டலத்தின் மேலேயே எந்தத் தொட்டிக்குப் போக வேண்டும் என்று அடையாளம் போட்டார்கள். அங்கும் 70 சதவீதத்தை மறுபயன்பாட்டுக்கும் மறுசுழற்சிக்கும் உரத்துக்கும் அனுப்புவதாக இலக்கு வைத்து, எட்டியது 62 சதவீதம்தான். அத்தனை ஏற்பாடு செய்தும் அவ்வளவுதான் என்றால், ஏற்பாடே இல்லாத இடத்தின் நிலையை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கப்பைத் தூக்கியே எறியாமல் இருப்பது அதைவிட நல்லது. ஜெர்மனியில் பல அரங்குகளில் பானத்தோடு கப்புக்கும் ஒரு முன்பணம் வாங்குவார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் கைக்கு வரும், கீழே கிடக்கும் கப்பைக்கூட யாராவது எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பார்கள். கப் பல தடவை சுற்றி வந்தால்தான் இதில் லாபம். நினைவுப்பொருளாக வீட்டுக்குப் போய்விட்டாலோ, கழுவுவதற்கு வெகுதூரம் லாரியில் அனுப்பினாலோ, அந்தக் கணக்கு உதைக்கும். ஆகவே கழுவும் இடத்தைப் பக்கத்திலேயே பார்த்துக்கொண்டு இறங்குவது நல்லது.

உணவு மிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றுப் புகாமல் புதைந்தால் அதிலிருந்து பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வரும். பரிமாறாத உணவை யார் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்பதை நிகழ்ச்சிக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும், நள்ளிரவில் போன் போட்டு ஆள் தேட முடியாது.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன். தொட்டியைக் கவிழ்த்துக் காட்டிய அம்மாவிடம், என்ன செய்தால் உங்களுக்குச் சுலபமாக இருக்கும் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை அவர். "கப்புல இருக்கிற மிச்சத்தை ஊத்துறதுக்குப் பக்கத்துல ஒரு வாளி வைக்கச் சொல்லுங்க சார். ஈரம் போயிட்டா மீதியை நாங்க பார்த்துக்குவோம்" என்றார். இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லையாம். அடுத்த ஆட்டத்துக்கு ஒவ்வொரு தொட்டிக்குப் பக்கத்திலும் ஒரு வாளி வைத்தார்கள். இந்த முறை அட்டை காய்ந்தே வந்தது. எடுத்துப்போக வந்தவர் பையை அவிழ்த்துப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் தூக்கி வண்டியில் ஏற்றினார்.

நன்றி, வணக்கம்.